எரியாத பதிவேடு

1

சம்பந்தி அம்மாவின் தகவல் ஒரு புதன்கிழமை மத்தியானம் வந்தது. மொன்றியலுக்குப் பக்கத்தில் டோர்வலில் விமானங்களுக்குச் சாப்பாடு கட்டும் சமையற்கூடத்தில்தான் நான் வேலை செய்கிறேன். இடைவேளையில் என் சோற்றுப் பெட்டியைத் திறந்துகொண்டிருந்தேன். "அந்துவான், நல்ல செய்தி. உங்கள் கோயில் பதிவேடு எரியவில்லை. அங்கிருக்கும் பாதிரியார் பக்கத்தைப் படம் பிடித்து அனுப்பியிருக்கிறார். ஞாயிறு கொண்டு வருகிறேன்" என்று பிரெஞ்சில் எழுதி, கடைசியில் சிரிக்கிற முகம் ஒன்றும் போட்டிருந்தார்.

பெட்டியைத் திரும்ப மூடினேன். பக்கத்தில் இருந்த ஹெயிட்டிக்காரர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, ஊரில் யாராவது செத்துவிட்டார்களா என்று கேட்டார். இல்லை என்று தலையாட்டினேன். இருபத்தைந்து வருடமாக எரிந்துபோனது என்று நாங்கள் சொல்லி வந்த ஒரு புத்தகம் முழுதாக இருக்கிறதாம் என்பதை அவருக்கு எந்த மொழியில் விளங்கப்படுத்துவது? மீதி நேரம் முழுக்கத் தட்டுகளில் ஒன்று வைக்க வேண்டிய பாண் துண்டை இரண்டிரண்டாக வைத்துக்கொண்டிருந்தேன் என்று மேற்பார்வையாளர் வந்து சொன்ன பிறகுதான் தெரிந்தது.

ஊரில் இருந்து இதை வாசிக்கிறவர்கள் கவனிக்க வேண்டும். பெயர்களை மாற்றியிருக்கிறேன். ஊர்ப் பெயரை எழுதவில்லை. ஏன் என்பது போகப் போக விளங்கும்.

2

லீஸ் எங்கள் மருமகன் மத்தியுவின் தாய். பள்ளிக்கூட நூலகம் ஒன்றில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். என் பெயர் அந்தோனிப்பிள்ளை. அது அவருடைய வாயில் நுழையாததால் அந்துவான் ஆகிவிட்டேன். கூடவே 'நீ' என்றுதான் கூப்பிடுவார். ஊரில் சம்பந்தியை நீ என்று கூப்பிட்டிருந்தால் கலியாணமே குழம்பியிருக்கும். இங்கே அது நெருக்கத்தின் அடையாளமாம். நான் இன்னும் அவரை மரியாதைச் சொல்லில்தான் கூப்பிடுகிறேன். அதைக் கேட்டு நான் ஏதோ கோபத்தில் இருப்பதாக அவர் நினைக்கிறார்.

இந்தக் கியூபெக் மாகாணத்துப் பழைய பிரெஞ்சுச் சனத்துக்கு ஒரு பைத்தியம் உண்டு. தங்கள் பரம்பரையில் இங்கே வந்த முதல் ஆள் பிரான்சில் எந்த ஊரில் இருந்து கப்பலேறினான் என்று தேடுவது. பழைய பங்குக் குருமார் பிறப்பு, கலியாணம், சாவு எல்லாவற்றையும் எழுதி வைத்துவிட்டுப் போனதால் தேடுவதற்கு வழியும் இருக்கிறது. லீஸுடைய முதல் ஆளின் பெயர் பியேர். கியூபெக்கில் அவனுக்குக் கலியாணம் நடந்தபோது, தான் ரூவான் நகரத்துப் பங்கு ஒன்றில் பிறந்தவன் என்றும், தாய் தகப்பன் இன்னார் என்றும் சொல்லியிருக்கிறான். லீஸ் மூன்று தரம் பிரான்சுக்குப் போய், ஆவணக் காப்பகத்தில் நாள்கணக்காக இருந்து பார்த்தார். அப்படி ஒரு பிள்ளை அந்தப் பங்கில் பிறக்கவே இல்லை.

போன நத்தாருக்கு அவர்கள் வீட்டில் விருந்து. இறைச்சி அடைத்துச் சுட்ட அப்பத்தை வெட்டி எல்லோருடைய தட்டிலும் வைத்துக்கொண்டே, கடைசியில் பியேரைப் பிடித்த கதையைச் சொன்னார்.

"பதினொரு வருடம் அவனைத் தேடினேன். பிறகு அவனை விட்டுவிட்டு, அவனைச் சுற்றி நின்றவர்களைத் தேடினேன். இங்கே பிறந்த முதல் பிள்ளையின் ஞானஸ்நானத்தில் ஞானத்தாயாக நின்றவள் யார்? நோர்மண்டியில் ஒரு சின்னக் கிராமத்துக்காரி. அந்தக் கிராமத்துப் புத்தகத்தைத் திறந்தேன். ஆள் அங்கே இருக்கிறான். வேறு குடும்பப் பெயர். அதோடு ஒரு மனைவி, இரண்டு பிள்ளைகள்."

மேசை முழுக்கச் சிரித்தது. மத்தியு, "அப்படியென்றால் எங்களுடைய பெயரே பொய்யா அம்மா?" என்று கேட்டான். "முழுப் பொய்" என்று லீஸ் பெருமையோடு சொன்னார். முந்நூறு வருடத்துக்கு மேல் ஒளித்திருந்தவனைக் கையும் களவுமாகப் பிடித்த சந்தோசம் அவருக்கு.

"அந்த மனைவிக்கு என்ன நடந்தது?" என்று கேட்டேன்.

"அவளை அடக்கம் செய்தபோது கைம்பெண் என்று எழுதியிருக்கிறார்கள். இவனோ இங்கே உயிரோடு இருந்து பிள்ளை பெற்றுக்கொண்டிருந்தான்."

என் மனைவி ரெஜினா தட்டைப் பார்த்தபடி இருந்தாள். அதோடு நானும் வாயை மூடிக்கொண்டிருந்திருக்க வேண்டும். ஆனால் லீஸ் எங்கள் பக்கம் திரும்பி, "உங்கள் பெயர்களெல்லாம் போர்த்துக்கேயச் சாயல். உங்களுக்குள்ளும் ஒரு ஐரோப்பியன் ஒளித்திருப்பான்" என்றார். எனக்குச் சுள்ளென்று ஏறிவிட்டது. அந்தப் பெயர்கள் ஞானஸ்நானத் தண்ணீரோடு வந்தவை, இரத்தத்தோடு வந்தவை அல்ல என்றேன். நீங்கள் மட்டுமா பதிவேடு வைத்திருக்கிறீர்கள், எங்கள் கரையோரப் பங்கிலும் எல்லாம் இருக்கிறது, ஒரு பிள்ளை தவறாமல் எழுதியிருக்கிறோம் என்று வீறாப்பாகச் சொன்னேன். பங்கின் பெயரையும் சொன்னேன். வேதக்காரனுக்குத் தன் கோயிலைப் பற்றி யாரும் குறைத்துப் பேசினால் புத்தி வேலை செய்யாது. எனக்கு அன்று அதுதான் நடந்தது.

மேசைக்குக் கீழே ரெஜினா என் காலை மிதித்தாள். உடனே, "ஆனால் சண்டையில் எல்லாம் எரிந்துவிட்டது" என்று சேர்த்தேன்.

லீஸ் கரண்டியைத் துடைத்தார். "புத்தகங்கள் எரிவது குறைவு, அந்துவான். எரிந்தது என்று சொல்லுகிறவர்கள்தான் அதிகம்" என்றார்.

3

அஞ்சலா எங்கள் மகள். இங்கே எல்லோருக்கும் அப்படித்தான் தெரியும். அவளுக்கும் அப்படித்தான் தெரியும்.

அவளைப் பெற்றவள் ரெஜினாவின் தங்கை பிலோமினா. பிள்ளை பிறந்து நாற்பதாம் நாள், எங்கள் கோயிலில், நானும் ரெஜினாவும் ஞானப் பெற்றோராக நின்றோம். அதற்கு அடுத்த மாதம் பிலோவின் புருசன் தொழிலுக்குப் போன வள்ளம் மட்டும் கரையொதுங்கியது. அவர் வரவில்லை. நான் அந்த வருடமே முகவர் ஒருவரைப் பிடித்து வெளிநாட்டுக்கு வெளிக்கிட்டேன். கடைசியில் மொன்றியலில் வந்து அகதி கேட்டேன்.

வெளிக்கிடுவதற்கு முதல் நாள் பிலோ என்னிடம் வந்து ஒன்றே ஒன்றைத்தான் சொன்னாள். "அத்தான், அக்காவைக் கூப்பிடேக்க பிள்ளையையும் உங்கட பிள்ளையாக் கூப்பிடுங்கோ. இஞ்ச விட்டா இதுவும் மிஞ்சாது."

அப்போது எங்கள் ஆட்களில் பாதிப்பேர் அப்படிச் செய்தார்கள். அண்ணனின் பிள்ளை மகனாக வந்தது. தங்கையின் பிள்ளை மகளாக வந்தது. யாரும் அதைப் பொய் என்று நினைக்கவில்லை. ஒரு உயிரை வெளியே எடுப்பது என்றுதான் நினைத்தோம். என் குடும்பப் பட்டியலில் அஞ்சலாவைச் சேர்த்தேன். இடப்பெயர்வில் பத்திரங்கள் போய்விட்டன என்று சொல்லிப் புதுப் பத்திரம் எடுத்தோம். மூன்று வயதில் அவள் ரெஜினாவின் கையைப் பிடித்துக்கொண்டு விமானத்தால் இறங்கினாள். பெரியம்மாவாக இருந்தவள் அம்மா ஆனாள். அம்மாவாக இருந்தவள் சின்னம்மா ஆனாள். பிறகு எங்களுக்கு வேறு பிள்ளை பிறக்கவில்லை.

அரசாங்கத்துக்குச் சொன்ன பொய்யை நான் எப்படியோ சீரணித்துவிட்டேன். கோயிலுக்குச் சொன்னதுதான் இன்றுவரை தொண்டையில் நிற்கிறது. முதல் நற்கருணைக்கு அவளுக்கு ஞானஸ்நானச் சான்றிதழ் கேட்டார்கள். ஊரில் இருந்து எடுத்தால் அதில் பிலோவின் பெயர் இருக்கும். அதனால் கோயில் குண்டில் எரிந்தது, புத்தகமும் போய்விட்டது, பிள்ளை ஞானஸ்நானம் பெற்றதா என்று உறுதியாகச் சொல்லமுடியாது என்று இங்கத்தைய பாதரிடம் சொன்னேன். அவர் பாவம், நம்பினார். எட்டு வயதுப் பிள்ளையின் தலையில் இரண்டாம் தரம் தண்ணீர் ஊற்றினார். அந்த அருட்சாதனம் ஒருவருக்கு ஒரு தரம்தான் என்று மறைக்கல்வி வகுப்பில் பரிசு வாங்கியவன் நான். பக்கத்தில் மெழுகுதிரியோடு நின்றேன்.

"ஏனப்பா என்ர தலையில தண்ணி ஊத்தினவர்?" என்று அஞ்சலா கேட்டாள். "படிப்புக்கு நல்லம்" என்றேன்.

4

லீஸ் சொன்னபடி ஞாயிற்றுக்கிழமை நோத்ர-டாம்-த-கிரேஸ் பகுதியில் இருக்கும் எங்கள் அப்பார்ட்மென்டுக்கு வந்தார். கையில் சுருட்டிய பெரிய தாள். அஞ்சலாவின் கைக்குழந்தை, எங்கள் பேத்தி எலோடியின் ஞானஸ்நானத்துக்கு அவர் கொடுக்கப்போகும் பரிசு அது. அரை வட்டமாக ஒரு குடும்ப வரைபடம். நடுவில் எலோடி, அவளைச் சுற்றி வளையம் வளையமாக முன்னோர். மத்தியுவின் பக்கம் நோர்மண்டி வரைக்கும் நெருக்கி எழுதப்பட்டிருந்தது. எங்கள் பக்கம் வெள்ளையாகக் கிடந்தது.

அஞ்சலா நடையில் எலோடியைத் தோளில் போட்டு நித்திரையாக்கிக்கொண்டிருந்தாள். ரெஜினா தேத்தண்ணி போடுகிறேன் என்று குசினிக்குள் போனவள் வெளியே வரவில்லை.

நத்தாரன்று நான் சொன்ன பங்குக்கு எழுதிக் கேட்டு எடுத்த, அஞ்சலாவின் ஞானஸ்நானப் பக்கத்தின் படத்தை லீஸ் அச்செடுத்து மேசையில் வைத்தார். எங்கள் பழைய பாதருடைய சாய்ந்த தமிழ் எழுத்து. ஓரம் கொஞ்சம் செல்லரித்திருந்தது. வேறு ஒரு சேதமும் இல்லை. "எனக்கு இது ஒரு எழுத்தும் விளங்காது. வாசி, நான் எழுதுகிறேன்" என்று பென்சிலை எடுத்தார்.

நான் வாசித்தேன். பிள்ளையின் பெயர் சரியாக வாசித்தேன். திகதி சரியாக வாசித்தேன். தகப்பன் பெயருக்கு என் பெயரை வாசித்தேன். தாய் பெயருக்கு ரெஜினாவின் பெயரை வாசித்தேன். ஞானப் பெற்றோர் இடத்தில், பிலோவின் பெயரையும் செத்துப்போன அவளுடைய புருசனின் பெயரையும் வாசித்தேன். பாதர் எழுதியிருந்ததை அப்படியே இடம் மாற்றிவிட்டேன். குரல்கூட நடுங்கவில்லை. எனக்கு என்னிலேயே அருவருப்பாக இருந்தது.

லீஸ் எல்லாவற்றையும் எழுதினார். பிறகு பென்சில் முனையைப் பக்கத்தின் அடியில் வைத்தார். அங்கே ஆங்கில எழுத்தில் ஒரு கையெழுத்து இருந்தது. கீழே நீளமாக ஒரு கோடு இழுத்து இரண்டு புள்ளி வைத்த கையெழுத்து. பள்ளிக்கூடத்தில் பழகியது. இன்றும் நான் அப்படித்தான் போடுகிறேன்.

அவர் குரலைத் தாழ்த்தினார். "பிள்ளைகளின் கலியாணத்தன்று நீ என் பெயருக்கு மேலே கையெழுத்துப் போட்டாய். இந்தக் கோட்டை எனக்குத் தெரியும். இது ஞானத்தகப்பன் கையெழுத்துப் போடுகிற இடம். எந்த நாட்டிலும் ஒரே இடம்தான்."

நான் படத்தை என் பக்கம் இழுத்தேன்.

"தகப்பன் தன் பிள்ளைக்கு ஞானத்தகப்பனாக நிற்க முடியாது. உங்கள் கோயிலிலும் அதே சட்டம்தானே?"

"அதே சட்டம்தான்" என்றேன்.

"இரண்டு பேரும் என்ன ரகசியம் கதைக்கிறீங்கள்?" என்று நடையில் இருந்து அஞ்சலா கேட்டாள். "பழைய எழுத்து, வாசிக்கக் கஷ்டமாக இருக்கிறது" என்று லீஸ் பிரெஞ்சில் பதில் சொன்னார். சொல்லிக்கொண்டே அழிறப்பரை எடுத்து, நான் சொன்ன பெயர்களை ஒவ்வொன்றாக அழித்தார். பியேரைப் பிடித்தபோது இருந்த சந்தோசம் அவர் முகத்தில் இல்லை. பயந்தவர் மாதிரி இருந்தார்.

"நான் யாருக்கும் சொல்லமாட்டேன், அந்துவான். ஆனால் பொய்யை வரையவும் மாட்டேன். ஞானஸ்நானத்துக்கு முதல் நீ அவளுக்குச் சொல். இந்த இடம் வெறுமையாக இருந்தால் ஏன் என்று அவள் கேட்பாள். அவள் கெட்டிக்காரி."

ஞானஸ்நானத்துக்கு அப்போது ஏழு கிழமை இருந்தது.

5

ரெஜினா ஒரே வசனத்தில் முடித்துவிட்டாள். "சொன்னா அவள் எனக்குப் பிள்ளை இல்லை" என்றாள். அதற்குமேல் நான் எதைத் தொடங்கினாலும் எழும்பிப் போனாள். முப்பது வருடம் காய்ச்சலுக்கு நெற்றியில் கை வைத்தவள் அவள். அவளோடு நான் என்ன நியாயம் பேசுவது?

எனக்கு வேறு பயமும் இருந்தது. பொய் சொல்லி எடுத்த குடியுரிமையைப் பிடுங்கலாம் என்று எங்கேயோ வாசித்திருக்கிறேன். என்னுடையதை எடுத்தால் எடுக்கட்டும், அறுபத்திரண்டு வயதாகிவிட்டது. அஞ்சலாவுடையதும் அதே பத்திரத்தில் தொங்குகிறது. ஒரு சட்டத்தரணியிடம் கேட்கலாம் என்று இரண்டு தரம் தொலைபேசியை எடுத்துவிட்டுத் திரும்ப வைத்தேன். கேட்டால் அதுவும் எங்கேயோ பதிவாகும் என்று தோன்றியது. வேலைக்குப் போகிற பேருந்தில் அதிகாரி மாதிரி உடுத்த ஆட்கள் ஏறினால் என் முதுகு தானாக நிமிர்ந்தது.

பிலோவுக்குத் தொலைபேசி எடுத்தேன். அவள் ஊரில் கோயிலடிப் பாலர் பாடசாலையில் படிப்பிக்கிறாள். தனியாகத்தான் இருக்கிறாள். பாதர் ஏன் அந்தப் பக்கத்தைக் கொடுத்தார் என்று கேட்டேன்.

"பாதருக்கு அந்தப் பழைய எழுத்துப் பிடிபடேல்ல. என்னைத்தான் தேடச் சொன்னவர். நான்தான் படம் எடுத்துக் குடுத்தனான்."

"என்ன பிலோ, தெரிஞ்சுகொண்டோ குடுத்தனீர்?"

"தெரிஞ்சுகொண்டுதான் அத்தான்."

"ஏன்?"

"இடம்பெயரேக்க ஆக்கள் சட்டிபானை தூக்கினவை. நான் அந்தப் புத்தகத்தைத் தூக்கினனான். வட்டக்கச்சி வரைக்கும் சேலைக்குள்ள சுத்திக்கொண்டு போய்த் திருப்பிக் கொண்டந்தனான். நான் ஒரு பிள்ளைக்குத் தாய் எண்டு உலகத்தில அதில மட்டும்தான் எழுதிக் கிடக்கு. அங்க அதை எரிஞ்சுபோச்செண்டு சொன்னனீங்களாம். அக்கா போன கிழமைதான் சொன்னவ."

நான் மன்னிப்புக் கேட்டேன். "அதெல்லாம் வேண்டாம் அத்தான்" என்றாள். குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

6

அஞ்சலா நல்ல மனதோடுதான் செய்தாள். ஞானஸ்நானத்துக்குச் சின்னம்மாவைக் கூப்பிடப்போகிறேன், டிக்கெட்டும் நானும் மத்தியுவும் போடுகிறோம் என்று எங்களுக்குச் சொல்லாமலே பிலோவோடு கதைத்து முடித்திருந்தாள். போன ஞாயிறு காலை, பூசைக்கு முன்னம், எலோடியையும் மடிக்கணினியையும் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். விசா விண்ணப்பத்தை எங்கள் குசினி மேசையில் வைத்து நிரப்பப் போகிறாளாம். கைத்தொலைபேசியைச் சீனிப் போத்தலில் சாய்த்து வைத்தாள். அதில் பிலோவின் முகம். ஊரில் பின்னேரமாகிவிட்டது. கோயிலுக்குப் போகிறவள் மாதிரித் தலைவாரிச் சேலை கட்டியிருந்தாள்.

எலோடி என் மடியில் இருந்தாள். ரெஜினா அடுப்படியில் தோசை சுட்டுக்கொண்டிருந்தாள். தடுப்பதற்கு எனக்கு ஒரு சாட்டும் கிடைக்கவில்லை. விசா கிடைக்காது, குளிர் காலம், வயதுபோனவளுக்கு அலைச்சல் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்தேன். "சும்மா இருங்கோ அப்பா. உங்களுக்கு எல்லாத்துக்கும் பயம்" என்றாள்.

பிறந்த இடம், வேலை, விலாசம் எல்லாம் ஓடிப்போயின. அஞ்சலா வேகமாகத் தட்டிக்கொண்டே கேட்டாள், பிலோ நிதானமாகச் சொன்னாள். புருசன் செத்த வருடம் கேட்டபோதும் தடுமாறவில்லை.

"சரி சின்னம்மா, இனிப் பிள்ளையள். அதுக்கு ஸேரோ போடுறன்."

"பொறு பிள்ளை. சைபர் போடாத."

"என்ன?"

"ஒண்டு எண்டு போடு."

அஞ்சலா விசைப்பலகையில் இருந்து கையை எடுத்தாள். தோசைக்கல்லில் புகை வந்தது. ரெஜினா திருப்பவில்லை.

"சின்னம்மா, உங்களுக்கு ஒரு பேபி இருந்ததோ? எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லயே." அவளுடைய குரல் அப்படியே இளகிவிட்டது. பிள்ளை பெற்ற உடம்பு. தொலைபேசியைக் கிட்ட இழுத்தாள். "ஸொறி சின்னம்மா. செத்துப்போச்சோ?"

"இல்லைப் பிள்ளை. இருக்குது. நல்லா இருக்குது."

"அப்ப ஏன் ஒருத்தரும்..." என்று தொடங்கியவள் திரும்பி எங்களைப் பார்த்தாள். ரெஜினாவின் முதுகுதான் அவளுக்குத் தெரிந்திருக்கும். பிறகு, வேலையை முடித்துவிட்டுக் கதைக்கலாம் என்று நினைத்தாளோ என்னவோ, திரும்பவும் கணினிப் பக்கம் குனிந்தாள். "பெயர் கேக்குது. பேரும் பிறந்த திகதியும் வேணும். சொல்லுங்கோ சின்னம்மா."

பிலோ வாயைத் திறந்தாள். இத்தனை வருடம் சேர்த்து வைத்திருந்த ஒரு சொல் கடைசி நேரத்தில் அவளுக்கு வெளியே வரவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அத்தானைக் கேள்" என்றாள்.

அஞ்சலா என்னைப் பார்த்தாள். எனக்கு நெஞ்சு இடித்த இடியில் எலோடி தலையைத் தூக்கிப் பார்த்தாள். இன்னொரு பெயரைச் சொல்லிவிடலாம். ஏதாவது ஒரு பெயர், ஒரு திகதி. என்னால் முடியும். எவ்வளவு நன்றாக முடியும் என்று எனக்குத்தான் தெரியும். அடுப்படியில் ரெஜினா என் பக்கம் திரும்பி, வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். திரையில் பிலோ கும்பிடுகிறவள் மாதிரி இரண்டு கையையும் நாடிக்குக் கீழே வைத்திருந்தாள்.

"உன்ர பெயரைப் போடு பிள்ளை" என்றேன்.

அவள் சிரித்தாள். இந்த நாட்டுப் படிவம் ஒன்றும் அப்பாவுக்கு விளங்காது என்பது வீட்டில் பழைய பகிடி. "ஐயோ அப்பா, என்ர பெயர் இல்லை. அது கூப்பிடுற ஆளின்ர இடம், பிறகு வரும். இது சின்னம்மான்ர பிள்ளையின்ர பெயர் போடுற இடம்."

"ஓம், பிள்ளை" என்றேன். "அந்த இடத்திலதான் போடச் சொல்லுறன்."